கரும்புத் தோட்டத்தில் பிறந்த ஜாம்பி

ஹைத்தியின் கிராமங்களில் பழைய அச்சம் ஜாம்பி வந்து கடித்துவிடும் என்பதல்ல. செத்த பிறகு தன்னையே யாரேனும் ஜாம்பியாக்கிவிடுவார்களோ, கண்ணெதிரே புதைத்த பிள்ளையை எழுப்பிக் கொண்டுபோய்விடுவார்களோ என்பதுதான் அங்கே பயம். அதனால் அடக்கம் முடிந்த பிறகும் சில குடும்பங்கள் கல்லறையை விட்டு நகர்வதில்லை. உடல் அழுகத் தொடங்கிவிட்டது என்று உறுதியாகும்வரை உறவினர்கள் முறைவைத்து இரவில் காவல் இருப்பார்கள். மந்திரவாதி பெயர் சொல்லி அழைத்தால் பதில் கொடுத்துவிடக் கூடாதென்று பிணத்தின் வாயைத் தைப்பதும் உண்டு. சவப்பெட்டிக்குள் எள்ளை வாரி இறைப்பதும் உண்டு. செத்தவர் அதை எண்ணிக்கொண்டே கிடப்பார், அழைப்புக்குக் காதுகொடுக்க மாட்டார் என்பது நம்பிக்கை.

இத்தனை பாடுபட்டுத் தடுக்க வேண்டிய கொடுமை என்ன? எழுப்பப்பட்டவர் யாருடைய கழுத்தையும் கடிக்கப்போவதில்லை. அவர் வேலை செய்யப்போகிறார். யாரோ ஒருவருடைய வயலில், கூலி இல்லாமல், ஓய்வு இல்லாமல், தன் பெயர்கூட நினைவில்லாமல், சாவினாலும் முடித்துவைக்க முடியாத வேலை.

இன்று உலகம் முழுவதும் அறிந்த ஜாம்பி வேறு. கும்பலாக வருகிறது, கடிக்கிறது, கடிபட்டவரையும் தன்னைப்போல் ஆக்குகிறது. தலையில் சுட்டால்தான் விழுகிறது. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான். ஆனால் ஹைத்தியிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன வழியில் இந்தக் கதையிலிருந்து ஓர் ஆள் காணாமல் போயிருக்கிறார். அவர்தான் எஜமான். அவர் எங்கே, எப்போது, யாரால் நீக்கப்பட்டார் என்று தேடிப் பார்ப்பதுதான் ஜாம்பி பிறந்த கதை.

சர்க்கரைத் தீவு

கரீபியன் கடலில் இஸ்பானியோலா என்றொரு பெரிய தீவு. 1492 டிசம்பரில் கொலம்பஸ் அங்கே இறங்கினார். தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் சில பத்தாண்டுகளில் நோய்க்கும் கொடுமைக்கும் ஏறக்குறைய முழுவதுமாகப் பலியானார்கள். 1697இல் ரைஸ்விக் உடன்படிக்கையின்படி தீவின் மேற்குப் பகுதி பிரான்சின் கைக்கு வந்தது. இன்றைய ஹைத்தியான அந்தப் பகுதிக்கு அவர்கள் வைத்த பெயர் சான் தொமிங்கு. அடுத்த நூறாண்டுக்குள் அது உலகத்திலேயே அதிக லாபம் தரும் காலனி ஆயிற்று. ஐரோப்பா தின்ற சர்க்கரையில் ஐந்தில் இரண்டு பங்கும், குடித்த காபியில் பாதிக்கு மேலும் இந்தச் சிறு நிலத்திலிருந்து போயின.

அந்த லாபத்தின் கணக்கை மனித உடல்களில்தான் எழுத வேண்டும். சான் தொமிங்குவில் கொண்டுவந்து இறக்கப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஏழரை இலட்சத்துக்கும் மேல். அங்கே பிறந்த பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டாலும் 1789இல் உயிரோடு இருந்தவர்கள் சுமார் 5 இலட்சம் பேர்தான். அந்த 5 இலட்சத்திலும் பெரும்பான்மையோர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். பழைய அடிமைகள் பிள்ளை பெற்று வளர்ப்பதற்குள் செத்துப்போனார்கள். அடிமையை வளர்ப்பதைவிடப் புதிதாக ஒருவரை வாங்குவது மலிவு என்று தோட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள்.

கரும்பு காத்திருக்காத பயிர். வெட்டிய ஓரிரு நாளில் சாறு பிழிந்தாக வேண்டும், இல்லாவிட்டால் புளித்துப்போகும். அதனால் வெட்டுக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடியது. பகலில் வயலில் வெட்டியவர்களே இரவில் உருளைக்குக் கரும்பு கொடுத்தார்கள், கொப்பரையில் பாகு காய்ச்சினார்கள். தூக்கக் கலக்கத்தில் கரும்போடு கையும் உருளைக்குள் போய்விடும். அப்போது உடனே கையை வெட்டி ஆளை மீட்பதற்காக ஆலைகளில் பக்கத்திலேயே ஒரு கோடரி வைத்திருந்தார்கள். கண் திறந்திருக்க, மனம் எங்கோ கிடக்க, கைகால் மட்டும் அசைந்துகொண்டிருக்கும் மனித உருவத்தை யாரும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. விடியற்காலையில் எந்த ஆலைக்குள் எட்டிப் பார்த்தாலும் அது நின்றுகொண்டிருந்தது.

1685இல் பதினான்காம் லூயி பிறப்பித்த கறுப்புச் சட்டம் அடிமையை அசையும் சொத்து என்று வரையறுத்தது. தப்பி ஓடி ஒரு மாதத்துக்கு மேல் தலைமறைவாக இருந்தால் காது அறுக்கப்படும், தோளில் சூட்டுக்கோல் முத்திரை விழும். இரண்டாம் முறை ஓடினால் முழங்கால் நரம்பு வெட்டப்படும். மூன்றாம் முறை மரணம்.

அந்த மரணத்தைத்தான் பலர் வாசலாகப் பார்த்தார்கள். கடலுக்கு அப்பால், நீருக்கு அடியில், மூதாதையர் வாழும் நாடு ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கினேன். ஆப்பிரிக்கக் கரையில் தாங்கள் விட்டுவந்த கினியின் நினைவு அந்தப் பெயரில் தங்கியிருந்தது. செத்தால் உயிர் அங்கே திரும்பிவிடும், சங்கிலி இங்கேயே கிடக்கும். இந்த நம்பிக்கையோடு தற்கொலை செய்துகொண்டவர்கள் பலர். எஜமானுக்கு ஓர் ஆள் குறைவது பண நஷ்டம். ஆகவே தற்கொலையைத் தடுக்க வேண்டியிருந்தது.

ஜாம்பியின் கரு இங்கேதான் விழுந்தது. ஊர் திரும்பும் அந்த ஒரே வழியும் அடைபட்டால் என்ன ஆகும்? செத்த பிறகும் உடலை எழுப்பி இதே வயலுக்கு ஓட்டிவந்தால்? ஹைத்தியைப் பற்றி நீண்டகாலம் எழுதிவரும் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஏமி விலென்ட்ஸ், தோட்டத்துக் கங்காணிகளே இந்த அச்சத்தை அடிமைகளை அடக்கும் கருவியாகப் பயன்படுத்தினார்கள் என்கிறார். தற்கொலை செய்துகொண்டால் கினேன் போக மாட்டாய், ஜாம்பியாகி என்றென்றும் இங்கேயே உழைப்பாய் என்ற மிரட்டல். அந்தக் கங்காணிகளில் பலர் தாங்களும் அடிமைகள்தான்.

ஜாம்பி என்ற பெயரின் வேர் மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மொழிகளில் இருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். அச்சில் அது தலைகாட்டியது 1697இல், குவாதலூப் தீவைக் களமாகக் கொண்ட ஒரு பிரெஞ்சு நூலில். அங்கே அது கண்ணுக்குத் தெரியாத ஆவி மட்டுமே. ஆவியாக இருந்ததை உழைக்கும் உடலாக மாற்றியது கரும்புத் தோட்டம்.

குவாதலூப் என்ற பெயர் நமக்கும் அந்நியமானதல்ல. 1848இல் பிரான்ஸ் அடிமைமுறையை ஒழித்ததும் அங்கே கரும்பு வெட்ட ஆள் இல்லாமல் போயிற்று. 1854 முதல் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். குவாதலூப்புக்கு மட்டும் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழர்கள். ஒப்பந்தம் முடிந்ததும் ஊர் திரும்பலாம் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலோர் திரும்பவில்லை. அவர்கள் கொண்டுபோன மாரியம்மனும் மதுரை வீரனும் பெயர் திரிந்து இன்னும் அந்தத் தீவுகளில் வழிபடப்படுகிறார்கள். கினேன் என்ற சொல்லில் இருக்கும் ஏக்கத்தைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிறகும்

1791 ஆகஸ்டில் சான் தொமிங்குவின் வடக்குச் சமவெளியில் அடிமைகள் எழுந்தார்கள். முதலில் எரிந்தவை கரும்பு வயல்களும் ஆலைகளும். நெப்போலியன் அனுப்பிய பெரும்படையையும் தோற்கடித்து, 1804 ஜனவரி 1ஆம் தேதி ஹைத்தி தன்னைச் சுதந்திர நாடாக அறிவித்தது. அடிமைகள் தாங்களே போராடி வென்று அமைத்த நாடு உலக வரலாற்றில் அது ஒன்றுதான்.

எஜமான்கள் போனார்கள், தோட்டத்தின் நிழல் போகவில்லை. புதிய ஆட்சியாளர்களும் ஏற்றுமதி வருமானத்துக்காக மக்களை இராணுவக் கட்டுப்பாட்டோடு மீண்டும் தோட்டங்களுக்கு அனுப்ப முயன்றார்கள். மக்கள் மறுத்து மலைகளில் ஏறினார்கள். ஆளுக்கொரு துண்டு நிலத்தில் கிழங்கும் வாழையும் பயிரிட்டார்கள். பிரான்ஸ் சும்மா விடவில்லை. 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த சொத்துக்கு ஈடாக 15 கோடி ஃபிராங்க் கேட்டது. இழந்த சொத்து என்பதில் அந்த மனிதர்களும் அடக்கம். தொகை பிறகு 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதற்காக வாங்கிய கடன்களின் சுமை 1947வரை நீடித்தது.

இத்தகைய நாட்டில் ஜாம்பி மறைந்துபோக வழியில்லை. அடிமைமுறை முடிந்த பிறகுதான் அந்த நம்பிக்கை முழு வடிவம் பெற்றது. வூடூ என்பது ஹைத்தி மக்களின் மதம். மேற்கு ஆப்பிரிக்க, கொங்கோ வழிபாடுகளும் கத்தோலிக்கச் சடங்குகளும் கலந்து உருவான முழுமையான மதம். அதன் பூசாரி ஊங்கன், பெண் பூசாரி மாம்போ. பணம் வாங்கிக்கொண்டு இருட்டு வேலைகளும் செய்கிற மந்திரவாதிதான் போக்கோர். ஜாம்பியை உண்டாக்குபவர் அவர்.

வூடூவின்படி மனிதனுக்குள் இரண்டு ஆவிகள் உண்டு. ஒன்று உடலை இயக்கும் உயிர்ச்சக்தி. மற்றொன்று அவனை அவனாக்குவது: நினைவு, விருப்பம், மானம் எல்லாம் அதில் இருக்கின்றன. போக்கோர் இந்த இரண்டாவதைக் களவாடிக் குப்பியில் அடைத்துக்கொள்கிறார். மிஞ்சியது மூச்சுவிடும், நடக்கும், சொன்னதைச் செய்யும் உடல். ஒரு மனிதரைச் சொத்தாக மாற்றுவதற்கு அவரிடமிருந்து எதைப் பிடுங்க வேண்டும் என்பதை இதைவிடத் துல்லியமாக எந்தத் தத்துவமும் சொன்னதில்லை. அடிமைப்பட்ட மக்கள் தங்கள் அனுபவத்திலிருந்து எடுத்த முடிவு அது.

இது வெறும் பாட்டி கதையாகவும் நிற்கவில்லை. ஒருவருக்கு மயக்கநிலை உண்டாக்கும் பொருளைக் கொடுத்து, செத்ததாக நம்பவைத்துப் புதைத்தால் அது கொலைக் குற்றம் என்று 19ஆம் நூற்றாண்டு ஹைத்தியின் தண்டனைச் சட்டம் தனிப் பிரிவே எழுதியது.

கதையில் ஒரு மீட்பும் இருந்தது. அது உப்பு. ஜாம்பிக்கு உப்பில்லாத உணவுதான் கொடுக்க வேண்டும். தவறி உப்பு நாக்கில் பட்டால் அது விழித்துக்கொள்ளும். தான் யார், தனக்கு என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். எஜமானை எதிர்க்கும், அல்லது தன் கல்லறையைத் தேடிப் போய்விடும். மானம் கெட்டவரைப் பார்த்து, சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய் என்று கேட்கிற நம் ஊர்ப் பேச்சுக்கு இதன் பொருள் சட்டென்று புரியும்.

கரும்பு திரும்பி வந்தது

1915 ஜூலையில் அமெரிக்கக் கடற்படை வீரர்கள் ஹைத்தியில் இறங்கினார்கள். 1934வரை, 19 ஆண்டுகள், நாடு அவர்கள் பிடியில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பின் வெள்ளையர் ஹைத்தி மண்ணில் நிலம் வாங்கக் கூடாதென்று விதி வைத்திருந்தார்கள். மீண்டும் தோட்டத்து எஜமான் வந்துவிடக் கூடாதென்பதே அதன் நோக்கம். 1918இல் அமெரிக்கர்கள் திணித்த அரசியல் சட்டம் அந்தத் தடையை நீக்கியது. சாலை போடுவதற்காகக் கிராமத்து ஆண்களை வலுக்கட்டாயமாகப் பிடித்துச் சென்றார்கள். கயிற்றால் பிணைத்து வேலைக்கு ஓட்டிப்போனதும் நடந்தது. எதிர்த்துப் போரிட்ட ஷார்ல்மான் பெரால்த் 1919இல் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடலைக் கதவொன்றில் சாத்திக் கட்டிப் படமெடுத்து, பயமுறுத்துவதற்காகப் பரப்பினார்கள். தலைநகருக்கு அருகே ஹாஸ்கோ என்ற ஹைத்தி-அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் ஆலை புகைந்துகொண்டிருந்தது.

இந்தச் சூழலில் அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் சீப்ரூக் ஹைத்திக்கு வந்தார். 1929இல் அவர் வெளியிட்ட ‘மாயத் தீவு’ நூலில் கரும்புக் காட்டில் வேலை செய்யும் பிணங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. உலகத்துக்கு ஜாம்பியை அறிமுகப்படுத்தியது அந்த அத்தியாயம்தான். அதில் பொலினிஸ் என்ற உள்ளூர்க்காரர் சீப்ரூக்குக்குச் சொன்ன கதையைச் சற்று நின்று கேட்க வேண்டும்.

1918ஆம் ஆண்டு. கரும்பு நன்றாக விளைந்திருக்கிறது, ஹாஸ்கோவுக்கு ஆள் தேவை. தி ஜோசஃப் என்ற கிழவர் கந்தல் உடுத்திய, வெறித்த பார்வையுள்ள ஒரு கூட்டத்தை அழைத்துவருகிறார். மலைநாட்டு ஆட்கள், ஆலைச் சத்தத்தில் மிரண்டிருக்கிறார்கள் என்று சொல்லிப் பதிவு செய்கிறார். அவர்கள் வெயிலில் குனிந்த தலை நிமிராமல் வெட்டுகிறார்கள். கூலியை ஜோசஃப் வாங்கிக்கொள்கிறார். அவர் மனைவி குவாயான்ஸ் அவர்களுக்கு உப்பில்லாமல் சமைத்துப் போடுகிறார். ஒரு திருவிழா நாளில் ஜோசஃப் ஊரில் இல்லை. இந்த ஜனங்களுக்கும் விழா காட்டலாமே என்று மனம் இரங்கிய குவாயான்ஸ் அவர்களைச் சந்தைக்கு அழைத்துப் போகிறார். அங்கே கடலை மிட்டாய் வாங்கிக் கொடுக்கிறார். அந்தக் கடலையில் உப்புப் போட்டிருந்தது அவருக்குத் தெரியாது. தின்றவர்கள் ஓலமிட்டு எழுகிறார்கள். தங்கள் மலைக் கிராமத்தை நோக்கி நடக்கிறார்கள். ஊரார் அவர்களை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கதறுகிறார்கள். எதற்கும் திரும்பாமல் இடுகாட்டுக்குப் போய், தங்கள் குழி மண்ணைக் கையால் தோண்டியபடியே விழுந்து, அங்கேயே பிணமாகிறார்கள். ஊரார் பிறகு ஆட்களை அனுப்பித் தி ஜோசஃபைத் தீர்த்துக்கட்டுகிறார்கள்.

இந்தக் கதையில் தண்டனை யாருக்கு? கூலியைத் தின்றவருக்கு. ஜாம்பிகளுக்குக் கிடைப்பது உறவினரின் கண்ணீர், அடக்கம், அமைதி. அவர்களை யாரும் சுடவில்லை. அவர்கள் யாரோ ஒருவருடைய பிள்ளைகள், மனைவிகள், தகப்பன்மார்கள் என்பதை ஊர் மறக்கவில்லை.

பொலினிஸ் பிறகு சீப்ரூக்கை வயலுக்கு அழைத்துப்போய் மூன்று பேரைக் காட்டினார். சீப்ரூக் அந்த வெறுமையான கண்களைப் பார்த்து ஒரு கணம் நடுங்கினார். பிறகு, இவர்கள் மனநலம் கெட்ட ஏழைகள், யாரோ பிடித்து வேலை வாங்குகிறார்கள் என்ற முடிவுக்கு வந்தார். அவருடைய வாசகர்கள் அந்த முடிவை மறந்துவிட்டு நடுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

திரையில் நடந்த மாற்றம்

மூன்றே ஆண்டுகளில், 1932இல், ‘வெள்ளை ஜாம்பி’ என்ற படம் வெளியானது. இயக்கியவர் விக்டர் ஹால்பெரின். டிராகுலாவாக நடித்துப் புகழ்பெற்ற பெலா லுகோசி இதில் லெஜாந்த்ர என்ற மந்திரவாதி. ஹைத்தியில் அவருக்கொரு கரும்பாலை. அங்கே ஜாம்பிகள் கூடை கூடையாகக் கரும்பைச் சுமந்துவந்து கொட்டுகிறார்கள், பெரிய மரச் செக்கைத் தள்ளிச் சுற்றுகிறார்கள். ஒருவர் தடுமாறி அரவைக்குள் விழுகிறார். மற்றவர்கள் நிற்கவில்லை. செக்கின் முனகல் மட்டும் கேட்கிறது. பொருளாதாரப் பெருமந்தத்தின் மோசமான ஆண்டில், வேலையிழந்து நின்ற அமெரிக்கர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தார்கள். திரையில் வந்த ஜாம்பிக் காட்சிகளில் ஹைத்தியின் உண்மைக்கு மிக அருகில் நிற்பது இன்றும் இதுதான்.

ஆனால் படத்தின் பதற்றம் அந்தத் தொழிலாளர்களைப் பற்றியதல்ல. திருமணத்துக்காக வந்த ஒரு வெள்ளைப் பெண் ஜாம்பியாக்கப்படுகிறாள், அவளைக் காப்பாற்றியாக வேண்டும் என்பதே கதை. தலைப்பே அதைச் சொல்லிவிடுகிறது. கறுப்பு உடல்கள் செக்கைச் சுற்றுவது பின்னணி. முதல் திருப்பம் இது: எஜமான் இன்னும் இருக்கிறார், ஆனால் யாருக்காக அழ வேண்டும் என்பது மாறிவிட்டது.

அதே காலத்தில் வேறு மாதிரிப் பார்த்த ஒருவரும் இருந்தார். கறுப்பினப் பெண் எழுத்தாளரும் மானிடவியல் மாணவியுமான சோரா நீல் ஹர்ஸ்டன் 1936இல் ஹைத்தி போனார். கோனாயீவ் நகர மருத்துவமனையில் ஒரு பெண்ணைச் சந்தித்தார். 1907இல் இறந்து புதைக்கப்பட்ட ஃபெலிசியா ஃபெலிக்ஸ்-மென்டோர் என்று குடும்பத்தார் அவரை அடையாளம் காட்டியிருந்தார்கள். முகத்தைத் துணியால் மறைத்துச் சுவரோடு ஒண்டி நின்ற அவரை ஹர்ஸ்டன் படமெடுத்தார். 1938இல் வந்த அவர் நூலில் அந்தப் படம் இருக்கிறது. கையை ஓங்கப்போகிறார்கள் என்று எதிர்பார்த்தே வாழ்ந்துவிட்ட ஓர் உயிரின் உருவம் அது. அதைப் பார்த்து யாருக்கும் அச்சம் வராது, இரக்கம்தான் வரும்.

எஜமானை முழுவதுமாக நீக்கியவர் ஜார்ஜ் ரொமேரோ. பிட்ஸ்பர்க் பக்கத்தில், ஓர் இலட்சம் டாலரைச் சற்றே தாண்டிய செலவில், நண்பர்களோடு சேர்ந்து அவர் எடுத்து 1968இல் வெளியிட்ட ‘உயிருள்ள பிணங்களின் இரவு’தான் இன்றைய ஜாம்பிப் படங்கள் அனைத்துக்கும் தாய். படத்தில் ஜாம்பி என்ற பெயரே வருவதில்லை. பிணந்தின்னிகள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். ரிச்சர்ட் மாத்தேசன் 1954இல் எழுதிய, இரத்தக்காட்டேரிகள் சூழ்ந்த உலகில் தனித்துவிடப்பட்ட மனிதனின் நாவல்தான் அவருக்குத் தூண்டுதல். ஜாம்பி என்றால் கரீபியத் தீவுகளில் வேலை செய்பவை என்றே தான் எண்ணியதாக அவரே சொல்லியிருக்கிறார். பெயரைச் சூட்டியவர்கள் பார்வையாளர்களும் விமர்சகர்களும்.

அந்தப் படத்தில் செத்தவர்களை எழுப்பியவர் யாருமில்லை. ஏதோ கதிர்வீச்சு என்று தொலைக்காட்சிச் செய்தியில் ஒரு பேச்சு அடிபடுகிறது, அவ்வளவுதான். கட்டளையிடுபவரும் இல்லை, வேலையும் இல்லை. பசி மட்டும் இருக்கிறது. சாவைத் தாண்டியும் உழைக்க வேண்டியவர் இப்போது சாவைத் தாண்டியும் தின்ன வேண்டியவர் ஆனார். பாதிக்கப்பட்டவர் கொலைகாரர் ஆனார்.

ஆயினும் பழைய வரலாறு வேறொரு வாசல் வழியாக அந்தப் படத்துக்குள் வந்துவிட்டது. கதாநாயகன் பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். இரவு முழுவதும் பிணங்களோடு போராடித் தப்பிய ஒரே ஆள் பென். விடிந்ததும் துப்பாக்கி ஏந்திய வெள்ளையர் கூட்டம் அவரையும் பிணமென்று கருதிச் சுட்டுவிடுகிறது. கொக்கியால் குத்தி இழுத்து நெருப்பில் போடுகிறார்கள். படச்சுருளை நியூயார்க்குக்குக் காரில் எடுத்துப்போன இரவில்தான் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். பென் வேடத்தை நிறத்தை எண்ணி எழுதவில்லை என்றும் சொன்னார். எண்ணாமல் எழுதினாலும் அமெரிக்காவில் அந்த முடிவு தானாகவே பொருள் பெற்றது.

வெளியீட்டுக்குமுன் படத்தின் தலைப்பை மாற்றியபோது பதிப்புரிமை வாசகம் விட்டுப்போயிற்று. அதனால் படம் பொதுச்சொத்தானது. யாரும் திரையிடலாம், யாரும் பின்பற்றலாம். ரொமேரோவுக்கு அது பெரும் நஷ்டம். ஆனால் அவர் வகுத்த இலக்கணம் உலகமெங்கும் பரவ அதுவும் ஒரு காரணம். 1978இல் வந்த அவருடைய அடுத்த ஜாம்பிப் படத்தில் பிணங்கள் வணிக வளாகம் ஒன்றில் சுற்றித் திரிந்தன. 1996இல் ஜப்பானின் கேப்காம் நிறுவனம் ‘ரெசிடென்ட் ஈவில்’ விளையாட்டில் ஆய்வகக் கிருமியைக் காரணமாக்கியது. 2002இல் டேனி பாயிலின் ‘28 நாட்களுக்குப் பிறகு’ படத்தில் நோயாளிகள் ஓடத் தொடங்கினார்கள். 2010இல் தொடங்கிய ‘வாக்கிங் டெட்’ தொடர் 11 பருவங்கள் ஓடியது. 2016இல் கொரியாவிலிருந்து ‘ட்ரெய்ன் டு பூசான்’ வந்தது. அதே ஆண்டில் தமிழிலும் ‘மிருதன்’ வந்தது. மந்திரம் நோயாயிற்று, போக்கோர் கிருமியானார். கிருமியிடம் யாரும் நியாயம் கேட்க முடியாது.

மருந்தும் மனமும்

படங்கள் ஒருபக்கம் இப்படிப் போக, ஹைத்தியில் உண்மையில் என்ன நடக்கிறது என்று அறிவியல் கேட்டது. 1962இல் ஒரு மருத்துவமனையில் இறந்ததாகப் பதிவான கிளெர்வியஸ் நார்சிஸ் என்பவர், 1980இல் சந்தையில் தன் சகோதரியின் முன் வந்து நின்றார். நிலத் தகராறில் அண்ணன் தம்பிக்குள் பகை, அதனால் தன்னை ஜாம்பியாக்கினார்கள், பல காலம் தோட்டத்தில் வேலை செய்தேன் என்றார். அவரைப் பற்றிக் கேள்விப்பட்டு 1982இல் ஹைத்தி வந்த ஹார்வர்ட் தாவரவியல் மாணவர் வேட் டேவிஸ், போக்கோர்களின் பொடிகளைச் சேகரித்தார். பலூன் மீனின் நஞ்சு ஆளைச் செத்ததுபோல் கிடத்துகிறது, ஊமத்தை வகைச் செடி நினைவைக் குழப்புகிறது என்று விளக்கினார். ஹைத்தியில் அந்தச் செடியின் பெயரே ஜாம்பி வெள்ளரி. அவருடைய நூல் புகழ்பெற்றது, படமுமாயிற்று. ஆனால் பொடிகளைச் சோதித்த வேறு விஞ்ஞானிகள் அவற்றில் அந்த நஞ்சு பொருட்படுத்தக்கூடிய அளவில் இல்லை என்றார்கள்.

1997இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ரோலண்ட் லிட்டில்வுட், ஷவான் டூயோன் இருவரும் ஜாம்பிகள் எனப்பட்ட மூவரைப் பரிசோதித்து எழுதினார்கள். ஒருவருக்குத் தீவிர மனச்சிதைவு, ஒருவருக்கு மூளைப் பாதிப்போடு வலிப்பு, ஒருவருக்கு அறிவு வளர்ச்சிக் குறைபாடு. இருவர் தாங்கள் திரும்பிவந்த குடும்பத்தின் இரத்த உறவே இல்லை என்று மரபணுச் சோதனை காட்டியது. தெருவில் அலைந்த மனநோயாளி ஒருவரை, இழந்த தங்கள் பிள்ளை என்று நம்பி ஏழைக் குடும்பங்கள் வீட்டுக்குள் அழைத்துக்கொண்டிருக்கின்றன. வெளியுலகம் ஜாம்பியைச் சுட்டு வீழ்த்தும் படங்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஹைத்தி தன் ஜாம்பிகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தது.

உப்பைத் திருப்பிக் கொடுத்தவர்

வெளியே போன கதையை ஹைத்தியின் எழுத்தாளர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பிரான்சுவா துவாலியே 1957இல் அதிபரானார். கல்லறைகளின் காவல் தெய்வமான பாரோன் சாம்தியைப்போல் கறுப்பு உடையும் தொப்பியும் அணிந்து மக்களை மிரட்டினார். தோந்தோன் மக்கூத் என்ற அடியாள் படையால் நாட்டை ஊமையாக்கினார். 1971இல் அவர் இறந்ததும் மகன் பதவிக்கு வந்தார். அந்த ஆட்சியின்கீழ், 1975இல், ஃபிரான்கெத்தியென் ‘தெஸாஃபி’ என்ற நாவலை வெளியிட்டார். ஹைத்தியின் கிரியோல் மொழியில் எழுதப்பட்ட முதல் நாவல் அதுதான். போக்கோர் ஒருவரின் வயலில் ஜாம்பிகள் உழைக்கிறார்கள். அந்தப் போக்கோரின் மகள் ஜாம்பிகளில் ஒருவன்மேல் காதல்கொண்டு அவனுக்கு உப்புக் கொடுக்கிறாள். விழித்தவன் மற்றவர்களுக்கும் உப்பைக் கொடுக்கிறான். எல்லோரும் எழுகிறார்கள். எஜமான் வீழ்கிறான். சர்வாதிகாரத்தின் நடுவில் இதைப் படித்த ஹைத்தி மக்களுக்கு எஜமான் யார் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உலகமோ வேறு பாடம் படித்திருந்தது. 2010 ஜனவரி 12ஆம் தேதி ஹைத்தியில் நிலம் நடுங்கி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். மறுநாளே அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாட் ராபர்ட்சன் என்ற மதபோதகர், விடுதலைக்காக ஹைத்தியர் பிசாசோடு செய்த ஒப்பந்தத்தின் சாபம் இது என்றார். வெற்றிபெற்ற மாபெரும் அடிமை எழுச்சியை மந்திரவாதமாகச் சுருக்கிய அந்தப் பேச்சு, எண்பது ஆண்டுத் திகில் கதைகள் விதைத்ததன் விளைச்சல். ஹைத்தி என்றால் வூடூ, வூடூ என்றால் பேய் என்று பழகிய காதுகளுக்கு அது நம்பத்தக்கதாக இருந்தது.

ஜாம்பிப் படங்களைப் பார்க்கக் கூடாதென்று நான் சொல்லவில்லை. ரொமேரோவின் படங்கள் பெரும் படைப்புகள். கதைகள் நாடு விட்டு நாடு போகும்போது மாறத்தான் செய்யும். ஆனால் எல்லா மாற்றமும் ஒரே எடை கொண்டதல்ல. களவு கொடுத்தவனைக் கள்வனாக்கி, களவாடியவனைக் கதையிலிருந்தே வெளியேற்றிய மாற்றம் இது. அதனால்தான் இன்று திரையில் ஆயிரக்கணக்கில் வரும் அந்த உருவங்களை எந்த உறுத்தலும் இல்லாமல் சுட முடிகிறது. அவை யாருடைய பிள்ளைகள் என்ற கேள்வி நமக்கு எழுவதில்லை.

அடிமைத்தனத்தின் மீது அடிமைகளே எழுதிய குற்றப்பத்திரிகைதான் ஜாம்பி. ஒரு மனிதரிடமிருந்து உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் எறிந்துவிடலாம் என்று நினைக்கும் எந்த ஏற்பாட்டின் மீதும் அது இன்றும் செல்லுபடியாகும். கொத்தடிமை வேலை வாங்கும் சூளையும், கடவுச்சீட்டைப் பறித்து வைத்துக்கொண்டு ஆளை வேலைக்கு விரட்டும் முதலாளியும் அதற்குள் அடக்கம். அந்தக் குற்றப்பத்திரிகையில் முதல் பெயர் எஜமானுடையது. வழியில் அழிக்கப்பட்ட அந்தப் பெயரை மீண்டும் எழுதிப் படிப்பதுதான் ஹைத்திக்கு நாம் பட்டிருக்கும் கடன்.